கீறல் பார்ப்பவர்

முன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, காரின் உடம்பை வால் வரைக்கும் ஒரே பார்வையாகப் பார்க்கிறார். பிறகு எழுந்து, வலது கட்டைவிரல் நகத்தைக் கதவில் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே நடக்கிறார். காரைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், விடைத்தாள் திருத்துகிற வாத்தியார் பக்கத்தில் நிற்கும் பிள்ளை மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு பின்னாலேயே போகிறார்.

வாடகைக்குப் போய்த் திரும்பும் கார்களைச் சுற்றிப் பார்த்துச் சேதாரம் சொல்வது அவர் வேலை. அதனால் ரவுண்டு அண்ணன். பெயரைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் ஒரு தொந்திக்காரரைத் தேடுவார்கள். ஆளோ குச்சி. காக்கிச் சட்டைக்குள் இன்னொருவருக்கும் இடம் இருக்கும்.

நான் அங்கே கவுண்டரில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. வேலி முள் கிழித்தால் எச்சிலைத் தொட்டு வைத்துவிட்டு வேலையைப் பார்க்கிற குடும்பம் எங்களுடையது. ஒரு கோட்டுக்கு இத்தனை பெயர் உண்டென்று இங்கே வந்துதான் கேட்டேன். பெயின்ட்டின் மேலோடு நின்றால் சிராய்ப்பு. நகம் மாட்டினால் கீறல். தகரம் தெரிந்தால் காயம். மறைப்பதற்காக மேலே பெயின்ட் அடித்திருந்தால் தழும்பு. வெயிலில் நிறம் மங்கிய இடத்தைக் "கன்னிப்போச்சு" என்பார். காரைப் பற்றிப் பேசுகிறாரா, கீழே விழுந்த பிள்ளையைப் பற்றிப் பேசுகிறாரா என்று சில சமயம் சந்தேகம் வரும்.

மனிதர்கள் விஷயத்தில் மட்டும் இந்தத் தரம் பிரிப்பெல்லாம் கிடையாது. எல்லாமே கீறல். பஸ் படியில் சறுக்கி முழங்காலில் தையல் போட்டுக்கொண்டு வந்தபோது, "கீறல்தான்" என்றார். அவர் குடியிருக்கும் அறைக்குக் கீழே டயர் கடை வைத்திருப்பவருக்கு நெஞ்சைத் திறந்து வைத்தியம் பார்த்தார்கள், அதுவும் கீறல். மனைவி போய் எத்தனை வருஷமாச்சு என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். வருஷத்தைச் சொன்னார். "அதெல்லாம் ஒரு கீறல்தான் தம்பி" என்று சேர்த்துக்கொண்டார்.

மற்றவர்கள் ஒரு காரைச் சுற்றி முடிப்பதற்குள் அவர் பாதிதான் வந்திருப்பார். போன ஊரெல்லாம் எப்படி, பின் சீட்டில் யார் உட்கார்ந்தார்கள், மழை பெய்ததா என்று விசாரித்துக்கொண்டே நடப்பார். அவசரக்காரர்கள் சிடுசிடுப்பார்கள். பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார் என்று கார் கழுவுகிறவர் கிண்டலடிப்பார். சாயங்காலம் அறைக்குப் போனால் மறுநாள் காலை இங்கே வரும்வரை அவர் வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது கிண்டலடிக்கிறவருக்கும் தெரியும்.

மகன் இதே ஊரில்தான், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். மூன்று வருஷத்துக்கு முன் கடன் போட்டு ஒரு வீடு வாங்கினார். சம்பந்தி வீட்டார் எல்லோரும் கூடியிருந்த முதல் நாள், இவர் வாசல் கதவிலிருந்து ஆரம்பித்துவிட்டார். நகத்தை வைத்து இழுத்துக்கொண்டே ஒவ்வொரு அறையாகப் போய், ஜன்னல் சட்டத்தில் ஒன்று, சமையல் மேடையில் ஒன்று, பீரோவில் இரண்டு என்று உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். ஏதோ உதவி செய்கிற நினைப்பு. "எதுல கைய வச்சாலும் உங்களுக்குக் கீறல்தான் தெரியும்" என்று மகன் எல்லோர் முன்னாலும் சொன்னார். இவர் சாப்பிடாமல் வந்துவிட்டார். பேத்தி அப்போது சோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தாள். இவராகப் போகவும் இல்லை, அவர்கள் கூப்பிடவும் இல்லை. என்னிடம் இதைச் சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

போன வாரம் ஒரு மத்தியானம் அந்த மகனே கார் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் வீட்டுப் பக்கத்துக் கிளையில் தரை போடும் வேலை நடந்ததால், திரும்பும் கார்களை எங்களிடம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதே குச்சி உடம்பு, அதே தாழ்ந்த இடது தோள். சாவி வாங்கிக்கொள்ள நான் வெளியே போனேன்.

"எங்கெல்லாம் போனீங்க?" என்றார் அப்பா.

மகன் ஏதோ ஒரு மலை ஊரின் பெயரைச் சொன்னார். அப்பா தலையாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். அன்றைக்கு நகத்தை வைக்கவே இல்லை. கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயிலைச் சுற்றுகிறவர் மாதிரி சுற்றினார். கருநீலக் கார். பின் கதவின் கீழ்ப்பாதியில் வெள்ளை வெளேரென்று ஒரு வட்டமும் அதிலிருந்து கை, கால், தலைமுடி என்று கோடுகளும் எனக்கே எட்டத்திலிருந்து தெரிந்தன. அவர் அந்தக் கதவைத் தாண்டி நடந்தார்.

"ஒண்ணுமில்ல. வண்டி சுத்தமா இருக்கு."

"பின் கதவுல இருக்குப்பா. பாப்பா கல்லால கிறுக்கிட்டா."

"எங்க? தூசியா இருக்கும்."

மகன் அவரையே பார்த்தார். "உங்களுக்குத் தெரியாத கீறலாப்பா?" என்றார், குரலை உயர்த்தாமல். பிறகு என்னிடம் திரும்பி, ஆகிற தொகையை முன்பணத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அப்பா, சாப்பிட்டாயா என்று கேட்டார். ஆச்சு என்றார் மகன். அவளை ஸ்கூலிலிருந்து கூட்டிப்போக வேண்டும், நேரமாகிறது என்றார்.

"ஸ்கூல் போறாளா?"

"போன மாசம் சேத்தோம்."

வாடகை ஆட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. "வரேம்ப்பா" என்று சொல்லிவிட்டு மகன் ஏறிக்கொண்டார். எல்லோரும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். எங்கே, எப்போது என்று அதில் எதுவும் இல்லை.

பாலிஷ் போடுகிறவர் டப்பாவும் துணியுமாக வந்து பின் கதவின் முன் உட்காரப் போனார். அண்ணன் கையைக் காட்டி அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார். தானே குந்தி உட்கார்ந்தார். வட்டத்தின் உச்சியில் உள்ளங்கையைப் படுக்கையாக வைத்தார். கிறுக்கியவளின் தலை எதுவரைக்கும் இருக்கும் என்று யோசிப்பதுபோல் பார்த்து, இன்னும் நாலு விரற்கடை உயர்த்தினார். பிறகு அந்தக் கையை ஏறவும் விடாமல் இறங்கவும் விடாமல் அப்படியே நிறுத்திக்கொண்டு, முழங்கால் வலிக்க வலிக்க மெல்ல எழுந்து, தன் பக்கமாகக் கொண்டுவந்தார். அது அவர் இடுப்புக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. விரல்களை லேசாக வளைத்துக்கொண்டார்.