சிவப்பு தெரியாத பழக்காரர்

என் வீட்டுக்காரர் பழக்கடை வைத்திருக்கிறார். பெரிய நக்கல்காரர் என்று தெருவில் அவருக்குப் பெயர். பச்சை ஆப்பிளைக் கையில் ஏந்தி, "இந்தச் சிவப்பு வேற எங்கயாவது கிடைக்குமா?" என்று முகம் மாறாமல் கேட்பார். வாங்க வந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்து, கூடக் கொஞ்சம் வாங்கிப் போவார்கள்.

உண்மை என்னவென்றால், அந்த மனிதருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும். பழமா காயா என்பதை மூக்கும் விரலும் சொல்லிவிடும். நிறத்தை நான்தான் சொல்ல வேண்டும். சிவப்பு இடது பக்கம், பச்சை வலது பக்கம் என்று காலையில் அடுக்கிவைப்பேன். நான் கடைக்குப் போகாத நாளில் அவருடைய நக்கல் தூள் பறக்கும். இது எங்கள் இருவருக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

எங்கள் ஒரே மகளை ரயில் ஓட்டுநருக்குக் கொடுத்தோம். அவர்கள் இருவர் இரத்தத்திலும் ஒரே கோளாறு. அவர்களை ஒன்றும் செய்யாதாம், பிள்ளைக்கு இரண்டு பக்கமிருந்தும் வந்தால் ஆபத்தாம். கருவை வெளியே வளர்த்து, நோயில்லாததாகப் பார்த்து வயிற்றில் வைக்கலாம் என்றார் டாக்டர். கடவுள் கொடுப்பதைப் பொறுக்கி எடுப்பதா என்று முதலில் மனம் கூசியது. ஆனால் இந்த மகள் என் வயிற்றில் இருந்தபோது நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? மாமியாரின் வாய் மட்டும் வேண்டாம் என்று தினமும் மன்றாடினேனே! கடவுள் அதைத்தான் குறைவில்லாமல் கொடுத்தார்.

ஒரு நாள் சாப்பிடும்போது மருமகன் ஆரம்பித்தார். "அத்தை, பார்க்கறதுதான் பார்க்கறோம், பையனா இருந்தா கண்ணையும் பார்த்துடணும். சிவப்பு பச்சை தெரியலன்னா ரயில் வேலைல வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. அம்மாவோட அப்பாவுக்கு அது இருந்தா பேரனுக்கு வரலாமாம்."

என் வீட்டுக்காரருக்குப் புரையேறியது.

"நமக்கென்ன கவலை, மாமாவுக்குக் கழுகுக் கண்ணு!" என்று மருமகனே தண்ணீர் கொடுத்தார்.

அதோடு இவருடைய தூக்கம் போயிற்று.

"சொன்னா மாப்பிள்ளை மூஞ்சில எப்படி முழிக்கறது?"

"சொல்லலன்னா?"

"பேரன் சிக்னல்ல நக்கல் அடிப்பான்."

இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் டாக்டர் அழைத்திருந்தார். "எங்க பக்கம் ஒரு குறையும் கிடையாது, வழுக்கைகூட இல்ல," என்றார் சம்பந்தியம்மா. சம்பந்தி தன் தலையிலிருந்த விக்கை மெல்ல அழுத்திக்கொண்டார்.

"உங்க பக்கம்?" என்று டாக்டர் எங்களிடம் திரும்பினார்.

இவர் எழுந்தே நின்றுவிட்டார். "எனக்குச் சிவப்பு பச்சை தெரியாது டாக்டர். கல்யாணத்தப்பவே சொல்லியிருக்கணும். மன்னிச்சுடுங்க மாப்பிள்ளை."

எல்லோரும் சிரித்தார்கள். "டாக்டர்கிட்டயுமா மாமா?" என்றார் மருமகன்.

"சரி, இந்த நாற்காலி என்ன நிறம்?" என்றார் டாக்டர்.

இவர் குத்துமதிப்பாக, "சிவப்பு," என்றார். பாழாய்ப்போன நாற்காலி சிவப்பாகவே இருந்தது! மறுபடி சிரிப்பு. இவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"உண்மைதான் மாப்பிள்ளை, சத்தியமா," என்றேன் நான். சிரிப்பு நின்றது. டாக்டர் புள்ளிப் படம் ஒன்றை நீட்டினார். அதில் எங்கள் எல்லோருக்கும் ஓர் எண் பளிச்சென்று தெரிந்தது. இவர் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஒண்ணும் எழுதலையே," என்றார்.

டாக்டர் மகளைப் பார்த்தார். "பொண்ணுன்னா கவலை இல்ல. பையன்னா வரலாம். வேணும்னா அதையும் பார்க்கலாம். ஆனா நோயில்லாத கரு தேறுறதே கொஞ்சம்தான். இதுக்காகவும் கழிச்சா ஒண்ணும் மிஞ்சாமப் போகலாம்."

"எங்கப்பாவையே கழிச்சிருந்தா நான் ஏது டாக்டர்?" என்றாள் மகள்.

மருமகன் இவர் கையிலிருந்த புள்ளிப் படத்தை வாங்கி டாக்டரின் மேசையில் வைத்தார். "நோயை மட்டும் பாருங்க டாக்டர், போதும்," என்றார்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரருக்கு மிடுக்கு திரும்பிவிட்டது. "என்னை மாதிரிப் பையன் பொறந்தா கடை அவனுக்குத்தான் மாப்பிள்ளை."

"பொண்ணு பொறந்தா ரயில் அவளுக்கு," என்றார் மருமகன். "அப்போ வந்து, தாத்தாவும் ஓட்டறேன்னு மட்டும் கேட்டுடாதீங்க மாமா."