பல்லி முட்டை

ஃப்ரிட்ஜ், ஏசி பழுது பார்ப்பவர் என்பதால் தெருவில் அவருக்கு ஃப்ரிட்ஜ்காரர் என்றே பெயர். வீட்டுப் பின்பக்கம், துணிக் கொடிக்கு அருகில், சிமெண்ட் தூணின்மேல் அவருடைய டெலஸ்கோப் நின்றது. கேமரா சூடானால் படம் கெடும் என்று, அதைக் குளிர வைக்கும் அமைப்பைத் தானே செய்து பொருத்தியிருந்தார்.

பல வருடங்களாக அவர் படமெடுத்தது ஒரே ஒரு கேலக்ஸியை. அதன் நடுவில் ஒரு கருந்துளை. சுற்றியிருக்கும் வாயு அதற்குத் தீனி; விழும் தீனி கூடினால் மையம் பிரகாசிக்கும், குறைந்தால் மங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடித்து ஆய்வாளர்களுக்குக் கொடுக்க வேண்டும், ஓர் ஓரத்தில் தன் பெயரும் வர வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

மையத்தின் வெளிச்சத்தை அளக்கவென்று கேமராவைக் கொஞ்ச நேரமே திறந்து எடுத்த முதல் படங்களை மனைவியின் அண்ணனிடம் காட்டினார். மச்சானுக்கு சோபா, கட்டில் விற்கும் கடை.

"என்ன மாப்ள, பல்லி முட்டை மாதிரி இருக்கு? இதுக்கா தூக்கத்தக் கெடுத்துக்குற?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மச்சான் சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் சுருக்கென்று தைத்தது.

அடுத்த தடவை கேமராவை அதிக நேரம் திறந்து வைத்தார். கேலக்ஸியின் சுருள் கைகள் விரிந்து வந்தன. மச்சான் அதைப் பெரிதாகச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். மனைவி சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாள். பிறகு அவர் எடுத்ததெல்லாம் அந்த மாதிரிதான். பல்லி முட்டை மாதிரி இருந்த பழைய படங்களை, வைத்திருந்தால் கேலிதான் என்று அழித்துவிட்டார்.

இந்த வருடம் ஆய்வாளர்களிடமிருந்து செய்தி வந்தது. அதே கேலக்ஸியின் மையம் பலமடங்கு பிரகாசமாகியிருக்கிறது. எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. பழைய படங்கள் இருப்பவர்கள் அனுப்புங்கள்.

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தார். ஒவ்வொரு படத்திலும் மையம் ஒரே வெள்ளை. வெளிச்சம் அளவு மீறிக் கேமராவை நிரப்பியிருந்தது. கூடியதா குறைந்ததா என்று அதில் கண்டுபிடிக்க வழியில்லை. மீட்டர் முள் கடைசிக் கோட்டில் முட்டி நின்றால் அதை நம்பக்கூடாது என்பது அவர் தொழிலில் முதல் நாள் பாடம். இத்தனை வருடமும் முள்ளை முட்ட வைத்துக்கொண்டிருந்தது அவரேதான்.

அந்த வாரம் மச்சான் கடையில் ஏசி ஓடவில்லை. ஏணியில் ஏறியவருக்கு முகத்துக்கு நேராக அந்தப் படம்.

"வர்றவங்கெல்லாம் கேக்குறாங்க மாப்ள. இன்னும் பெருசா ஒண்ணு எடுத்துக் குடு."

அவர் திருகாணியை முடுக்கி முடித்தார்.

"குடுக்குறேன் மச்சான். பல்லி முட்டை மாதிரிதான் இருக்கும்."

"அட போப்பா, அதை யார் மாட்டுவா?"

"யாரும் மாட்ட மாட்டாங்க" என்றபடி ஏணியிலிருந்து இறங்கினார்.