மடியில் ஒரு தலையணை

சேலம் பேருந்தில் என் பக்கத்தில் அமர்ந்த முன்னாள் லாரி டிரைவரின் மடியில் ஒரு தலையணை இருந்தது. நரைத்த மீசை, திடமான உடம்பு. தலையணையை அடிக்கடி தட்டிக்கொண்டே வந்தார்.

"ஆஸ்பத்திரிக்குங்களா?" என்றேன்.

"இல்லீங்க, முதியோர் இல்லத்துக்கு. மாசம் ரெண்டு நாள் தங்கிட்டு வாரேன். புது ரூட்டுல மொதல்ல காலி வண்டியில போயிப் பாக்கோணுமில்லீங்களா? முடியாமப் போறப்ப எடம் பழகியிருக்கும்."

"புள்ளைங்க இல்லீங்களா?" இல்லை என்று சொல்லட்டும் என்றுதான் கேட்டேன்.

"இருக்கறாங்க. பையந்தான் கூட வந்து ஜன்னலோரக் கட்டிலாப் பாத்துச் சொல்லி வெச்சான். உங்களுக்குங்க?"

"மூணு பசங்க. எனக்கென்னங்க கவலை" என்றேன்.

என் காலடியில் துணிப்பை இருந்தது. மாதம் ஒரு மகன் வீடு என்று முறை. அன்று நடு மகனிடம் போய்க்கொண்டிருந்தேன். அங்கே நான் படுப்பது ஹால் சோபாவில்.

அவர் இறங்கும்போது அந்தத் தலையணையைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்றிருந்தது.