நாற்காலிக்குக் கிடைத்த வேஷம்

அவள் ரவிக்கை தைப்பவள். சக்கர நாற்காலியில் இருந்தபடியே கையால் சுற்றும் மிஷினில் தைப்பாள். உயிரெல்லாம் நாடகத்தின் மேல்தான். ஊர் நாடகக் குழுவுக்கு வருஷக்கணக்காக உடுப்பு தைத்துக் கொடுத்ததில் எல்லார் வசனமும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரே ஒரு தடவை மேடையில் பேசிவிட்டால் போதும் என்று தவம் கிடந்தாள்.

அந்த வருஷம் நடக்க முடியாத ஒரு டீச்சரைப் பற்றி நாடகம் போட்டார்கள். இனி யாரைத் தேடப்போகிறார்கள், வேஷம் நமக்குத்தான் என்று இருந்தாள். "கதாநாயகிக்கு டீ நான்தான் போடணுமா?" என்று அண்ணி சீண்டினாள்.

டைரக்டர் தலையைச் சொறிந்தார். "கடைசி சீன்ல டீச்சர் எழுந்து நடக்கணும்க்கா."

"நடக்காட்டி கதை முடியாதா தம்பி?"

"முடியும். கைதட்டு வராது."

பேங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு வேஷம் போயிற்று. ஓடி ஆடித் திரிகிறவள். அதோடு விட்டார்களா? வாடகை நாற்காலி மேடையில் திரும்பாமல் முரண்டு பிடிக்க, இவளுடையதைக் கேட்டார்கள். "அடுத்த நாடகத்துல நீங்கதான்க்கா." இந்தப் பேச்சுக்கு மயங்கினாளே, அவளை என்ன சொல்ல? நாற்காலியைக் கொடுத்ததோடு சக்கரம் தள்ளவும் சொல்லிக் கொடுத்தாள். வயிறு எரிந்தது. வாய் சிரித்தது.

நாடகம் முடிந்ததும் அதே ஹாலில் கருத்தரங்கம். தலைப்பு, 'அரங்கில் அனைவருக்கும் இடம்'. வெட்கக்கேடு! அவள் நாற்காலி மேடை நடுவில் விளக்கு வெளிச்சத்தில் இருந்தது. அவளைக் கீழே ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்திருந்தார்கள். பேராசிரியர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அவளைப் போன்றவர்களைப் பற்றியே பேசித் தீர்த்தார்கள். அவளுக்கு அடிவயிறு முட்டியது. பக்கத்து இருக்கைக்காரரிடம் சாடை காட்டினாள். அவர் பதிலுக்குக் கும்பிட்டார்.

கடைசியில் அவள் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். ஆம்பளைகள் நிறைந்த சபை, அவள் பட்டும் படாமலும் சொன்னாள்.

"என் நாற்காலியைக் குடுத்துடுங்க. ரொம்ப நேரமா அடக்கிட்டு இருக்கேன். இனிமே முடியாது."

தலைமை வகித்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "'அடக்கிட்டு இருக்கேன்.' காலகாலமான அடக்குமுறையை ஒரே வார்த்தையில சொல்லிட்டாங்க. எவ்வளவு ஆழமான குறியீடு!"

"ஐயா, நிஜமாத்தான் சொல்றேன்."

"நிஜம்தாம்மா. நிஜம்தான்," என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் குனிந்து அதை எழுதிக்கொண்டார்கள். அவர்கள் தலை நிமிர்வதற்குள் அவள் புடவை நனைந்துவிட்டது.