அம்மாவுக்குத் தேடவில்லை

என் மகள் என்னைப் பற்றிக் கவிதை எழுதியிருக்கிறாள் என்பதை எனக்குச் சொன்னது என் மகள் அல்ல, பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். அங்கிருந்து வரும் ஏதோ ஒரு சிறுபத்திரிகையின் பக்கத்தை யாரோ படமெடுத்து வாட்ஸப்பில் போட, அது ஊரெல்லாம் சுற்றி, ஸ்டாஃப் ரூமில் நான் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும் நேரத்தில் என் முன்னால் வந்து நின்றது. "கொடுத்து வச்சவங்க டீச்சர் நீங்க" என்று போனை நீட்டினாள்.

கூட்டத்தில் கை நழுவிய நாளில்
எல்லோரும் என்னைத் தேடினார்கள்.
அம்மா தேடவில்லை.
நான் ஊரைவிட்டு வந்த பிறகும்
அம்மாவுக்குத் தேடவில்லை.

பாத்திரத்தை மூடிவைத்தேன். நான் தமிழ் டீச்சர். வேலைக்குச் சேர்ந்த நாள்முதல், 'இக்கவிதையில் கவிஞர் என்ன சொல்ல வருகிறார்?' என்று கேட்டே பிள்ளைகளின் உயிரை வாங்கியவள். இப்போது கவிஞர் என் வயிற்றில் பிறந்தவள். அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்து தொலைத்ததுதான் சங்கடம்.

கணக்கு டீச்சர் சேலத்திலிருந்து மாற்றலாகி வந்தவள். அவளுக்குப் புரியவில்லை. "கடைசி வரியில அச்சுப்பிழை இருக்கு டீச்சர். 'அம்மாவுக்குத் தேடத் தேவையில்லை'ன்னு இருக்கணும். ஒரு வார்த்தை விட்டுப்போச்சு. பொண்ணு எங்க போனாலும் திரும்பி வந்துருவான்னு அம்மாவுக்கு அவ்வளவு நம்பிக்கை. அதனால தேடத் தேவையில்லை. எவ்வளவு அழகா எழுதியிருக்கா!"

எத்தனை அழகான விளக்கம்! அப்படியே வாங்கி மடியில் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் எங்கள் ஊரில் 'அம்மா தேடுகிறாள்' என்பது வேறு, 'அம்மாவுக்குத் தேடுது' என்பது வேறு. முன்னது கண் செய்கிற வேலை. பின்னது, ஆளைப் பார்க்காமல் மனம் கிடந்து தவிப்பது. ஹாஸ்டலில் விட்ட பையனுக்கு இரண்டு நாளில் காய்ச்சல் வந்தால், "பிள்ளைக்கு வீட்டத் தேடுது, வேற ஒண்ணுமில்ல" என்று கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். சேலத்துக்காரிக்கு அந்த 'க்கு' பிழையாகத்தான் தெரியும். எனக்கு அது நெஞ்சில் ஏறிய முள். என் மகள் ஊரறியச் சொல்லியிருக்கிறாள், அம்மாவுக்கு என் நினைப்பே இல்லை என்று.

முதல் மூன்று வரியாவது நியாயமா? அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது மண்டைக்காட்டு அம்மன் கோயில் திருவிழாவுக்கு, கொடைக்கு, போயிருந்தோம். கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவளிடம் சொல்லியிருந்தேன்: "கை விட்டுப் போச்சுன்னா அம்மா நின்ன எடத்துலயே நிப்பேன். நீ பாத்து வந்துரணும், என்னா?" வளையல் கடைப் பக்கம் கை விட்டுப் போயிற்று. வீட்டுக்காரர் கடற்கரைக்கு ஓடினார். என் கொழுந்தன் போலீஸ்காரர்களிடம் ஓடினான். நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. "பிள்ளையக் காணல, இவ என்னத்துக்குக் கல்லு மாதிரி நிக்கா?" என்று நாத்தனார் கத்தினாள். நான் ஒரு அடி நகர்ந்து, அந்த நேரம் பார்த்துப் பிள்ளை வந்துவிட்டால்? அம்மனைக் கும்பிட்டேன், திட்டினேன், மறுபடி கும்பிட்டேன். கடைசியில் மூக்கு ஒழுக, செருப்பு ஒன்றைத் தொலைத்துவிட்டு, அவள்தான் வந்து என் சேலையைப் பிடித்தாள். 'தேடவில்லை'யாம்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுப் படித்தார். "நல்லாத்தான் இருக்கு. 'எல்லோரும் தேடினார்கள்'னு போட்டிருக்காள்ளா, அதுல நானும் உண்டுல்லா" என்றார். அந்த மனுஷனுக்கு அது போதும்.

ஒரு விஷயத்தில் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் போனில் பேசும்போதெல்லாம் நான், "எனக்கென்ன, நல்லா இருக்கேன், நீ உன் வேலையப் பாரு" என்றுதான் சொல்வேன். சொல்லிவிட்டு, கடைக்குப் போய் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்குவேன். அவருக்குக் கொலஸ்ட்ரால், எனக்குப் பல் சரியில்லை, தின்ன வீட்டில் ஆளில்லை. நமுத்துப்போனதைக் கொட்டிவிட்டு அடுத்த வாரமும் வாங்குவேன். தேடுது என்று வாய்விட்டுச் சொன்னால் அவள் வேலையை உதறிவிட்டு வந்து நிற்பாள். அப்படிப்பட்ட பிள்ளைதான். அதற்காகவே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மாசிக் கொடைக்கு அவள் லீவு போட்டு வந்தாள். மண்டைக்காட்டுக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். கவிதையைப் பற்றி அவளும் பேச்செடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கும்பிட்டு முடித்து, வளையல் கடைகளைத் தாண்டும்போது அவளாகவே நின்றாள்.

"இங்கதானம்மா நின்ன?"

"உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்காதா? நின்ன எடத்துலயே நிப்பேன்னு சொல்லியிருந்தல்லா. நீயும் தேடப் போயிருந்தா நான் எங்கன்னு வருவேன்? அதத்தான் எழுதியிருக்கேன். வாசிச்சிருப்பியே?"

அப்பாடா என்றிருந்தது. கணக்கு டீச்சரை மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். அத்தோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"அப்ப கடைசி வரி? அது அச்சுப்பிழைதானே?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அச்சுப்பிழை இல்லம்மா."

சுற்றிலும் ஒரே இரைச்சல். எனக்கு அவள் குரல் மட்டும்தான் கேட்டது.

"அங்க என் ரூம்ல இருக்க பிள்ளைகளுக்கெல்லாம் அம்மைமாரு போன்ல அழுவாங்க. நீ ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எனக்கு உன்னத் தேடுதுட்டின்னு சொல்லியிருக்கியா? எப்பவும் வேலையப் பாரு, வேலையப் பாரு. எனக்கு அங்க எப்படித் தேடும் தெரியுமா?"

சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில். எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுகை வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "கோயில்ல வச்சு இதெல்லாம் பேசாத. போயி பிரசாதத்துக்கு மண்டையப்பம் வாங்கு, கடையில தீந்துரும்" என்றேன். அவள் போய் வாங்கிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் அந்த ஒரு சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டே வீடுவரை வந்தேன்.

மிச்சமிருந்த நாளெல்லாம் தோசை சுட்டுப் போட்டேன், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன், துணியை மடித்துப் பெட்டியில் அடுக்கினேன், அதற்கு மேலே சிப்ஸ் பொட்டலத்தைத் திணித்தேன். சொல் மட்டும் வெளியே வரவில்லை. வகுப்பில் அம்மாவைப் பற்றி எத்தனை கவிதைக்கு உருகி உருகி விளக்கம் சொல்லியிருப்பேன்!

சாயங்கால ரயிலில் அவளை ஏற்றிவிட்டோம். ஜன்னலுக்கு வெளியே நின்று, "வேலையப் பாரு" என்றே சொன்னேன். அவள், "சரிம்மா" என்றாள். வண்டி போய்விட்டது.

திரும்பும்போது கோட்டாறு கடைத்தெருவில் ஆட்டோ மாட்டிக்கொண்டது. முன்னாலும் பின்னாலும் ஹாரன். பக்கத்தில் அவர், "பிள்ளைக்கு மேல் பெர்த் கெடச்சிருக்கலாம்" என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன்.

"என்னம்மா, எதையும் வச்சிட்டு வந்துட்டேனா?"

"இல்ல மக்கா. தேடுது."

ரயில் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே அவள் குரல் வந்தது.

"அம்மா, வண்டி இன்னும் ஆரல்வாய்மொழியே தாண்டல."

"அதுக்கு நான் என்னட்டி செய்ய? தேடுதுல்லா."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் மூக்கை உறிஞ்சும் சத்தமானது.

"ஹாரன் சத்தத்துல கேக்கலம்மா. இன்னொரு தடவ சொல்லு."

கேட்டிருக்கும், கள்ளி. இருந்தாலும் கோட்டாறு கடைத்தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.