லீமெய் அழகு நிலையம்

சூயூன் பதினெட்டு வருடம் அடுத்தவர் கடையில் தலை அலசியவள். சாயம் ஊறக் காத்திருக்கும் நேரமெல்லாம் வாடகை நாவல்தான். கதை அவளுக்கு இரண்டாம்பட்சம். யாரும் கேள்விப்படாத சொல் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். அகராதி மட்டும் ஆகாது. "அர்த்தத்த நானே கண்டுபிடிச்சா அது என் சொல்லு. அகராதியப் பாத்தா அது அவன் சொல்லு" என்பாள். எவன் என்று யாரும் கேட்டதில்லை.

ஜியாயி நகரில் சொந்தக் கடை போட்டபோது பெயர் தயாராக இருந்தது. ஒரு வாள்வீரர் கதையில், மலைமேல் மூடுபனிக்குள் நாயகனைச் சூழ்ந்துகொண்ட ஏதோ ஒன்றின் பெயர். இரண்டே சீன எழுத்து. இரண்டாவது 'மெய்', வசீகரம். பள்ளிக் குழந்தைக்கும் தெரியும். முதல் எழுத்தில் இருபதுக்கு மேல் கோடுகள். தெரியாத எழுத்து வந்தால் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். தெரிந்த வலப்பக்கத்தை மட்டும் 'லீ' என்று வாசித்தாள். இடப்பக்கம் 'பேய்' என்ற எழுத்து உட்கார்ந்திருந்தது உண்மைதான். வசீகர எழுத்திலும் அதே பேய்தான் உட்கார்ந்திருக்கிறது, அதற்காக யார் ஓடினார்கள்? நாயகன் வேறு மயங்கி விழுகிறான். ஆக, வசீகரத்துக்கும் மேலான வசீகரம். ஆளுயரப் பலகையில் பொன்னெழுத்தில் எழுதி மாட்டினாள்.

ஆறாம் மாதக் கடைசியில் திறந்தது. இருபது நாளாக ஒரு தலை வரவில்லை. நின்று பலகையைப் பார்ப்பார்கள், நகர்ந்துவிடுவார்கள். பழைய கடைக்கே திரும்ப வேண்டியதுதானா என்று அவள் யோசிக்கத் தொடங்கினாள்.

ஒருநாள் கோயிலில் தாயத்து எழுதும் ஹோங் வந்தார். முடி வெட்ட அல்ல.

"ஏம்மா, இந்தப் பேர யாரு வெச்சது?"

"நான்தான். நல்லாருக்கா?"

"எழுத்துல பிழையே இல்ல. நானே ஒரு கோட்ட விட்டிருப்பேன். ஆனா இது வந்து... அண்ணன்மாருங்க பேரும்மா. மலையில சுத்துற அண்ணன்மாரு."

செத்தவர்கள் ஊருக்குள் உலவும் ஏழாம் மாதத்தில் பேயைப் பேயென்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அண்ணன்மார்தான். சூயூனுக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. இருபது நாளாக 'காட்டுப் பேய் அழகு நிலையம்' என்று பலகை மாட்டி உட்கார்ந்திருக்கிறாள்! வெட்கத்தில் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் படையல். தெரு முழுக்க மேசைகள், ஏற்றிய ஊதுபத்தி எரிந்து முடியும்வரை படையலை எடுக்காமல் காத்திருக்க வேண்டும். அண்ணன்மார் முகம் கழுவித் தலைவாரிக்கொள்ள வீட்டுக்கு ஒரு தண்ணீர்ப் பாத்திரமும் துண்டும் சீப்பும் வைக்க வேண்டும். அத்தனை வீட்டாரும் அவற்றைக் கொண்டுவந்து சூயூன் வாசலில் வரிசையாக அடுக்கினார்கள்.

"இது என்னடி அநியாயம்?"

"அவங்களுக்குன்னு கடையே திறந்திருக்க, வேற எங்கடி வைக்கிறது?" என்றாள் எதிர்ப்பக்கம் மீன் உருண்டை விற்கும் பாவ்ஜூ.

தெருவே சிரித்தது. சூயூனுக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு ஆத்திரம்.

"ஊதுபத்தி எரிஞ்சு முடிய எம்புட்டு நேரமாகும்?"

"ஒரு மணி நேரம்."

"அதுவரைக்கும் வெயில்ல நின்னு கருகப்போறீங்களா? அண்ணன்மாரு வெளிய தலைவாரட்டும். அண்ணிமாரெல்லாம் உள்ள வாங்க, ஃபேன் ஓடுது!"

"பாவி, எங்கள அவங்களுக்கே கட்டிவெச்சிட்டியா!" என்று கத்திக்கொண்டே முதல் ஆளாக வந்து நாற்காலியில் சாய்ந்தவள் பாவ்ஜூதான்.

பலகையை அவள் மாற்றவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் ஒன்பது தலை அலசினாள். ஒன்பதும் உயிருள்ள தலைகள்.