வேனுக்கு வெளியே கட்டிய நிழல்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கல்வராயன் மலையில் ஓடினேன். ஐம்பத்தெட்டு வயசு, முழங்கால் வலி, காலில் ரப்பர் செருப்பு... இருந்தும் ஓடினேன். எதற்கு? வேனுக்குள் என் மனைவி மாலதி இருந்தாள். வேனின் கதவை வெளியிலிருந்து கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். கட்டியது திருடன் இல்லை, நாங்களேதான்!

கொஞ்சம் பொறுங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

மாலதியின் தம்பி சேகர் ஒரு பழைய ஸ்கூல் வேனை வாங்கி வீடாக மாற்றியிருக்கிறான். உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, சின்னதாக ஒரு சிங்க். டிரைவர் சீட்டுக்கும் 'வீட்டுக்கும்' நடுவே பிளைவுட் தடுப்பு. பின்கதவை அடைத்துக்கொண்டு கட்டில். ஆக, உள்ளே போக, வெளியே வர பக்கவாட்டில் ஒரே ஒரு தள்ளுகதவு. ஜன்னல்களில் ஸ்கூல் வேன் காலத்துக் கம்பிகள் அப்படியே இருக்கின்றன.

"வூட்டையே ஓட்டிக்கினு போறோம், லாட்ஜு எதுக்கு மாமா?" என்றான்.

கள்ளக்குறிச்சி வெயில் அந்த வீட்டைச் சுட்டு எடுத்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு வந்தால், உள்ளே கால் வைக்க முடியவில்லை. ஜன்னலுக்கு உள்பக்கம் பளபளவென்று சில்வர் ஷீட் ஒட்டித்தான் வைத்திருந்தான். கண்ணாடி காய்ந்து, சூடு உள்ளே வந்த பிறகு ஷீட்டால் என்ன பிரயோஜனம்? வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். நர்சரிகளில் செடிக்கு மேலே கட்டுவார்களே, பச்சை ஷேட் நெட் — அதை வண்டி முழுக்க மூடுகிற அளவுக்கு வாங்கினோம்.

மலை வளைவுகளில் மாலதிக்கு ஒரே வாந்தி. மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவள், அடித்துப் போட்டது போலத் தூங்கிவிட்டாள். அருவிக்கு இறங்குகிற பாதையருகே வேனை நிறுத்தினோம். அங்கே நிழல் இல்லை. குரங்குகள் சுற்றிக்கொண்டிருந்ததால் ஜன்னல் கண்ணாடிகளை இழுத்துச் சாத்தினேன்.

சேகர் நெட்டை எடுத்தான். அவன் களமருதூர்க்காரன். லாரியில் வைக்கோலும் நெல் மூட்டையும் ஏற்றிக் கட்டிப் பழகிய கை. வேனையும் லோடு கட்டுவது போலவே கட்டினான் — கூரைக்கு மேலே கயிற்றை வீசி, அடியில் கொக்கியில் மாட்டி, காலை முட்டுக்கொடுத்து இழுத்து, இரண்டு சுற்று. எதிர்ப்பக்கம் நின்று கயிற்றை வாங்கி வாங்கிக் கொடுத்தது யார்? நான்தான்.

"அக்கா தூங்கிக்கினு கீது, சத்தம் போடாதீங்க மாமா" என்று கிசுகிசுத்தான். நானும் பூனை மாதிரி நடந்தேன்.

அருவியில் தண்ணீர் கம்மி. பாறையில் உட்கார்ந்து காலை நனைத்தோம். சேகருக்கு ஒரே பெருமை.

"நா கட்னா ஒரு மூட்டை அசையாது மாமா. இன்னா காத்தடிச்சாலும் அந்த நெட்டு அவுராது."

சிரித்தேன். அப்புறம்தான்...

"சேகரு, கதவு?"

"எந்தக் கதவு?"

"கயிறு கதவு மேல போவுதாடா?"

அவன் சட்டென்று எழுந்து நின்றான். முகம் வெளுத்துவிட்டது.

போனை எடுத்தேன், சிக்னல் இல்லை. மேலே ஓட ஆரம்பித்தோம். பூட்டிய காருக்குள் குழந்தை என்று பேப்பரில் நாலு வரி வருமே, காபி குடித்துக்கொண்டே படிப்போமே... அந்த நாலு வரியில் மாலதியின் பெயரைப் போட்டு மனசு படித்துக்கொண்டே வந்தது. அவளுக்கு வீசிங் உண்டு. இன்ஹேலர் எங்கே? வாந்தி எடுக்கும்போது கீழே விழுந்துவிடக் கூடாதென்று வாங்கி என் சட்டைப் பையில் போட்டிருந்தேன். ஓடும்போது அது நெஞ்சில் இடித்துக்கொண்டே இருந்தது. இவ்வளவு பயம் நான் பட்டதில்லை. பாதி வழியில் அழுதுவிட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வேன் பச்சைப் பொட்டலமாக நின்றது. கூரைமேல் ஒரு குரங்கு. உள்ளே சத்தமே இல்லை.

"மாலதி!"

சேகர் முடிச்சைப் பிடித்தான்.

ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சுதான். போட்டவனுக்கே பதற்றத்தில் எந்த நுனியை இழுப்பதென்று மறந்துவிட்டது. வெட்டலாமென்றால் கத்தி உள்ளே, அடுப்புப் பக்கத்தில். கடைசியில் பல்லால் கடித்து இழுத்தான்.

"யாரு?" — உள்ளிருந்து சின்னதாக ஒரு குரல். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் குரலை நான் அப்படிக் கேட்டதில்லை.

கதவைத் தள்ளினோம். கட்டிலை ஒட்டி, தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் தோசைக் கரண்டி.

"கதவு நவுரல. ஜன்னலத் தொறந்து கத்துனேன். ஆளு வரல, கொரங்குதான் வந்துச்சு. நெட்டப் புடிச்சு ஆட்டுச்சு. ஜன்னலச் சாத்திட்டு, அப்புறம் கத்தவே இல்ல. நீங்க கூப்ட்டப்பகூட வாய் வரலைங்க..."

இன்ஹேலரை நீட்டினேன். வாங்கி இரண்டு தரம் இழுத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

யோசித்துப் பார்க்கிறேன். வீட்டு மனுஷர்களைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று நாம் செய்கிற காரியங்களில், அவர்களை ஒரு வார்த்தை கேட்டுச் செய்தவை எத்தனை? தூங்குகிறவளை எழுப்பக் கூடாது என்ற கரிசனம்தான் எங்களுக்கு. அந்தக் கரிசனத்தில் கதவையும் சேர்த்துக் கட்டிவிட்டோம்.

மூச்சு சீரானதும் மாலதி தண்ணீர் குடித்தாள். எழுந்து இறங்கினாள். கீழே கிடந்த கயிற்றை எடுத்தாள்.

"ரெண்டு பேரும் உள்ள ஏறுங்க."

"இன்னாக்கா பண்ற நீ?"

"ஏறுடா. அஞ்சே நிமிஷம்."

ஏறினோம். ஏறாமல் இருக்க முடியுமா? கதவு சாத்திக்கொண்டது. கயிறு கூரைமேல் விழுந்தது, இழுபட்டது, இறுகியது. அவளும் களமருதூர்தானே! அப்புறம் அவளுடைய காலடிச் சத்தம் தள்ளித் தள்ளிப் போய், கேட்காமலே போய்விட்டது. சேகர் என்னைப் பார்த்தான். நான் கதவைப் பார்த்தேன். இரண்டாவது நிமிஷமே எழுந்து போய்க் கதவைத் தட்டினேன்.

ஷேட் நெட்டைக் குறை சொல்ல மாட்டேன். வேன் குளுகுளுவென்றுதான் இருந்தது... எனக்குத்தான் வியர்த்துக் கொட்டியது!